பிஎச்.டி. முடித்துவிட்டு ‘டியூஷன் அக்கா’ வேலையா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 29 வயது, சொந்த ஊர் கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்). பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் உயிர்வேதியியலில் பிஎச்.டி. செய்கிறேன். ஐந்தாம் ஆண்டு முடியப் போகிறது. தங்கச் சுரங்கம் மூடியபோது நான் சின்னப் பிள்ளை. அதன் பிறகு அப்பா தினமும் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூர் வந்து, செக்யூரிட்டி வேலை பார்த்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் பி.எஸ்சி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். லேபில் இருப்பதைவிட அங்கேதான் எனக்கு உற்சாகமாக இருக்கிறது. இப்போது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், குடும்பத்திலிருந்து முதல் ஆளாக அறிவியல் படிக்க வரும் மாணவர்களுக்கான திட்டம் ஒன்றை நடத்த ஒருங்கிணைப்பாளராக அழைக்கிறார்கள். சி.எஸ்.ஆர். நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்குத் தரும் பணம்), இரண்டு ஆண்டு ஒப்பந்தம், மாதம் 65 ஆயிரம். அடுத்த மாதமே சேர வேண்டுமாம். தீசிஸில் இரண்டு அத்தியாயம் பாக்கி. “நல்ல கை, வீணாப் போகுது” என்கிறார் கைடு. “டாக்டர்னு வாசல்ல போர்டு வைக்கலாம்னு பார்த்தா, டியூஷன் அக்கா வேலைக்கா போற?” என்கிறார் அப்பா. இதை ஒரு தொழிலாக நம்பி இறங்கலாமா?
– பெயர் வேண்டாம், பெங்களூர்

பதில்: அப்பாவின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 19 வருடத்துக்கு முன்னால், எங்கள் கல்லூரியில் வேதியியல் லெக்சரர் வேலையோடு, உங்களை இப்போது அழைக்கும் இதே மாதிரிப் பொறுப்பையும் என் தலையில் கட்டினார்கள். அப்போது என் அம்மா கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான்: “படிப்பு வராத பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கவா இவ்வளவு படிச்சே?” நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அம்மாவுக்குக் கடைசிவரை என்னால் புரியவைக்க முடியவில்லை. உங்கள் அப்பாவுக்குப் புரியவைப்பது எளிது. அந்த ரயிலை வைத்தே சொல்லிவிடலாம்.

எங்களிடம் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி.யில் ஒரு மாணவி இருந்தாள். உங்கள் ஊர்ப் பக்கம்தான், பங்காருப்பேட்டையில் ஏறி வருவாள். தியரியில் நல்ல மார்க். பிராக்டிகலில் மட்டும் அடி வாங்கிக்கொண்டே இருந்தாள். அவளுடைய ரெக்கார்ட் நோட்டை ஒருநாள் வாங்கிப் புரட்டினேன். டைட்ரேஷன் என்றால் மூன்று ரீடிங் எடுக்க வேண்டும் இல்லையா, அவள் நோட்டில் எல்லாப் பக்கத்திலும் இரண்டுதான். மூன்றாவது கட்டம் காலி. பக்கத்தில் சிவப்பு மையில் ஆசிரியர் “அக்கறை இல்லை” என்று எழுதியிருந்தார். ஒரு முறை அல்ல, ஏழெட்டு முறை. கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் வாயே திறக்கவில்லை. அப்புறம் சொன்னாள், “மூணாவது ரீடிங் எடுத்தா ரயில் போயிடும் மேம்.” அதை விட்டால் அடுத்த வண்டியில் வீடு போய்ச் சேர ராத்திரி பத்தரை ஆகும். அந்த நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து தனியாக நடக்க வீட்டில் விடமாட்டார்கள்.

அவளுக்கு வேண்டியிருந்தது டியூஷனும் இல்லை, கவுன்சலிங்கும் இல்லை. லேபை மதியத்திலிருந்து காலைக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ நடக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. டைம்டேபிள் ஒரு பேராசிரியரின் கம்ப்யூட்டரில் ஒரு எக்செல் ஷீட்டாக இருந்தது. அதை மாற்றலாம் என்று அதுவரை யாரும் கேட்டதே இல்லை. கேட்டபோது, “ஒரு பெண்ணுக்காகவா?” என்றார். ரயிலிலும் தொலைதூர பஸ்ஸிலும் வருகிறவர்கள் யார் யார் என்று வகுப்பு வகுப்பாகப் போய்ப் பட்டியல் எடுத்துக் கொடுத்த பிறகுதான் காலை பேட்ச் வந்தது. அதற்குள் அந்தப் பெண் படிப்பே முடித்துவிட்டாள். அவளுக்கு அது உதவவில்லை.

வேலை இதுதான். உங்கள் சனிக்கிழமை வகுப்பு நல்ல காரியம், விடாதீர்கள். ஆனால் இந்தப் பதவியில் பாடம் எடுப்பது ஒரு சின்னப் பகுதி. மிச்சமெல்லாம் டைம்டேபிள், ஃபீஸ் தேதி, ஹாஸ்டல் விண்ணப்பம், எந்தச் செமஸ்டரில் யார் எந்தப் பேப்பரை ஏன் விட்டார் என்பது. பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தைவிட அலுவலகத்தோடு மல்லுக்கட்டும் நேரம் அதிகம். உங்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு பிடிப்பதும் இந்த வேலை பிடிப்பதும் ஒன்றல்ல. அதை முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

பண விஷயத்துக்கு வருகிறேன், பாதிப் பேர் படிப்பை விடுவது அதில்தான். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில் வருகிறது, குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம். பணம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லூரி ஃபீஸ் கேட்பது ஆகஸ்டில், பணம் வருவது சில வருடம் மார்ச்சில். நடுவில் இருக்கும் ஏழு மாதம் யார் தலையில்? போதாததற்கு, ஆதார் இணைக்காத கணக்கு, இனிஷியல் மாறிப்போன சான்றிதழ் என்று ஒவ்வொன்றும் ஒரு மாதத்தைத் தின்னும். இங்கே தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்து படிக்கும் பிள்ளை தமிழ்நாட்டு அரசிடம்தான் ஸ்காலர்ஷிப் கேட்க வேண்டும். இங்கேயே மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் கர்நாடகச் சான்றிதழுக்கு, எப்போதிலிருந்து இங்கே இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். உங்கள் ஊரில் பலர் வீட்டில் தாத்தாவின் சுரங்க வேலைச் சீட்டாவது பெட்டியில் கிடக்கும். பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் வீடு மாற்றி வீடு மாற்றி வாடகைக்கு இருந்த குடும்பத்தில் என்ன கிடக்கும்? விஏஓ, தாசில்தார், நாட கச்சேரி (இங்கே சான்றிதழ் தரும் வருவாய்த் துறை அலுவலகம்) என்று இந்த அலைச்சல் முழுக்க உங்கள் மேஜைக்குத்தான் வரும்.

இதில் நான் செய்த தப்பையும் சொல்கிறேன். முதல் சில வருடம் பரீட்சை ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு என் கைக்காசைப் போட்டுக் கட்டினேன். ஆயிரத்து சொச்சம், இரண்டாயிரம், அவ்வளவுதானே என்று. பெருமையாகக்கூட இருந்தது. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஒரு நவம்பரில் மூன்று வாரம் லீவில் போனேன். திரும்பி வந்து பார்த்தால், கணிதத்தில் நன்றாகப் படித்த ஒரு பையன் 1,850 ரூபாய் இல்லாமல் அந்தச் செமஸ்டர் பரீட்சையே எழுதவில்லை. யாரைக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் கேட்பதற்கு ஒரு அலுவலகம் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். அடுத்த வருடம் சண்டை போட்டு, என் கையெழுத்திலேயே அன்றே எடுக்கக்கூடிய 50 ஆயிரம் ரூபாய் அவசர நிதி ஒன்று வாங்கினேன். நான் இல்லாத நாளில் யார் கையெழுத்து என்பதும் எழுத்தில் இருக்கிறது. இந்த 19 வருடத்தில் நான் உருப்படியாகச் செய்தது எது என்று கேட்டால் அந்த இரண்டாவது கையெழுத்தைச் சொல்வேன்.

சரி, பாடம் எடுக்கும் பகுதிக்கு வருவோம். பெரும்பாலான கல்லூரிகள் கோட்டை விடுவது இங்கேதான். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வரும்போது நிரப்பும் படிவத்தில், மேம்பட்டுக் கற்பவர்களுக்கும் ‘ஸ்லோ லேர்னர்’களுக்கும் என்ன தனி ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமே என்று எங்கள் கல்லூரியில் மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் ஒரு பலகை மாட்டினார்கள். லேமினேட் செய்து, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், ‘ஸ்லோ லேர்னர்களுக்கான ரெமீடியல் வகுப்பு’ என்று. பிள்ளைகள் அந்த வராந்தாவில் எப்படி நடந்தார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். அறையைத் தாண்டிப் போய், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, பாதிப் பேர் அப்படியே கேண்டீனுக்குப் போய்விடுவார்கள். ஊரில் பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கி மாலை போட்டு அனுப்பப்பட்ட பிள்ளை, அந்தப் பலகைக்குக் கீழே எப்படி நுழையும்?

இதை எனக்கு முன்பே யோசித்த ஒருவர் இருக்கிறார், யூரி ட்ரைஸ்மேன். 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள் என்று தேடப் போனார். ஆர்வமில்லை, வீட்டில் ஊக்கமில்லை, வறுமை, பள்ளியில் அடித்தளம் சரியில்லை என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். ஆசிரியர்கள் சொன்ன எதுவும் நிற்கவில்லை. அவர் கண்டது வேறு. கறுப்பின மாணவர்கள் அறையில் தனியாக உட்கார்ந்து படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் கூட்டமாக உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினார்கள், கூடவே பல்கலைக்கழக ஆபீஸ் விவகாரங்களையும் பேசிக்கொண்டார்கள். அதனால் அவர் ரெமீடியல் வகுப்பு வைக்கவில்லை. வகுப்பில் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிப் போட வைத்தார். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் நல்ல மார்க் எடுக்க ஆரம்பித்தார்கள்.

இதைப் படித்த பிறகு நான் செய்த முதல் வேலை அந்தப் பலகையைக் கழற்றியது. ஸ்குரூ டிரைவர் எலக்ட்ரீஷியனிடம் இரவல். அப்புறம் வியாழக்கிழமை சாயங்காலங்களில் கரும்பலகையில் ஒரே ஒரு இயற்பிய வேதியியல் கணக்கு எழுதி, கீழே “இதை நேற்று என்னால் முடிக்க முடியவில்லை” என்று எழுதிவைத்தேன். நிஜமாகவே முடிக்கவில்லை. டீயும் போண்டாவும் உண்டு. முதல் வாரம் நாலு பேர். தசரா விடுமுறை முடிந்து பார்த்தால், பக்கத்து அறையிலிருந்து நாற்காலி இழுத்துப் போட வேண்டியிருந்தது. நாக் படிவத்தில் மட்டும் அது இன்னமும் ‘ஸ்லோ லேர்னர்’ கட்டத்தில்தான் போகிறது. போகட்டும்.

நம் ஊரில் இன்னொரு பழைய கதை உண்டு. 1933-இல் கமலா சோஹோனி இங்கே இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காகவே வேண்டாம் என்றார் இயக்குநர் சி.வி.ராமன். நம் திருச்சிக்காரர்தான். சோஹோனி விடவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஒரு வருடம் தகுதிகாண் நிலையில் சேர்த்துக்கொண்டார்கள். பின்னால் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. வாங்கினார், அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அந்த ஒரு வருட நிபந்தனையை நான் அடிக்கடி நினைப்பேன். சீட் கொடுத்த பிறகும், “இவர்கள் நிஜமாகவே இங்கே இருக்க வேண்டியவர்களா, பார்க்கலாம்” என்று வைத்திருப்பது. இப்போது யாரும் அதை எழுத்தில் கொடுப்பதில்லை, லேமினேட் செய்து மாட்டுகிறார்கள்.

தொழிலாக நம்பலாமா என்று கேட்டீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். நம் பல்கலைக்கழகங்களில் இதற்கென்று தனிப் பதவி வரிசை கிடையாது. சமவாய்ப்பு மையம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. செல் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்கிறது, 2012-இல் விதிகளும் வந்தன. ஆனால் பல இடங்களில் அது யாரோ ஒரு பேராசிரியரின் கூடுதல் பொறுப்பு, ஒரு பெயர்ப்பலகை, ஒரு பூட்டு. முழுநேர ஆட்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இது ஒரு முழுத் தொழில். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988-இல், கறுப்பின மாணவர்களை அறிவியலில் வளர்க்க மேயர்ஹாஃப் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃப்ரீமன் ரபோவ்ஸ்கி, கணிதம் படித்தவர். 1992 முதல் 2022 வரை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவராக இருந்தார். கல்லூரி திறக்கும் முன்பே கோடையில் வகுப்பு, கூட்டாகப் படிப்பு, ஆரம்பத்திலேயே ஆய்வுக்கூடம் என்று கடினமாகவே நடத்தி, நிறைய பிஎச்.டி.க்களை உருவாக்கிய திட்டம் அது. அது இத்தனை வருடம் நின்றதற்கு, தலைவரே அதன் ஆளாக இருந்தது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அதே அமெரிக்காவில் 2025-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளை இந்த வகை மானியங்கள் பலவற்றை நடுவிலேயே நிறுத்தியது. அங்கேயும் நிலம் கெட்டியில்லை, அதனால் வெளிநாடு போனால் சரியாகிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இங்கே எனக்குத் தெரிந்து நிலைத்தவர்கள், கையில் ஓர் ஆசிரியர் பதவியோடு இதைச் செய்தவர்கள். உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி விகிதத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700, அதோடு படிகள், அதோடு நாற்காலி. உங்களுக்கு வந்திருக்கும் 65 ஆயிரம் இரண்டு வருடத்துக்கு மட்டும்தான். அப்பா போர்டு என்று சொன்னாலும் அவர் கேட்பது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. தங்கச் சுரங்கம் மூடியதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

அதனால் அழைத்தவர்களிடம் சில விஷயங்கள் கேளுங்கள். சி.எஸ்.ஆர். பணம் மூன்றாம் வருடம் வராவிட்டால் இந்தப் பதவி யார் பட்ஜெட்டில் போகும்? பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை இதே திட்டத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை, அடுத்த வருடம் ஏரி தூர்வாரப் போய்விடலாம். டைம்டேபிள் கூட்டத்திலும் தேர்வுக் குழுவிலும் உங்களுக்கு உட்கார இடம் உண்டா? உண்டு என்றால் ஆர்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவசர நிதி எவ்வளவு, யார் கையெழுத்து? இந்தக் கேள்விக்கு “அதெல்லாம் பார்த்துக்கலாம் மேம்” என்று பதில் வந்தால், உங்களை வேலைக்கு எடுப்பது போட்டோவில் நிற்கத்தான். கம்பெனிக்குப் போகும் அறிக்கையில் எத்தனை வொர்க்‌ஷாப் நடத்தினீர்கள் என்று மட்டும் கேட்டால் அதையும் மாற்றப் பாருங்கள். முதல் செமஸ்டரில் சேர்ந்தவர்களில் மூன்றாம் செமஸ்டரில் எத்தனை பேர் அறிவியலிலேயே இருக்கிறார்கள், எத்தனை பேர் கோடையில் ஒரு லேபுக்குப் போனார்கள், எண்ண வேண்டியது இவற்றைத்தான். அறிவியல் மாணவர்களுக்கு மத்திய அரசு தந்துவந்த கேவிபிஒய் உதவித்தொகை 2022-இல் நின்றுவிட்டது. அதே மாதிரியான இன்ஸ்பயர் வருடத்துக்கு 80 ஆயிரம் தருகிறது, ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மேல் ஒரு சதவீதத்திலோ, ஜேஇஇ, நீட் மாதிரித் தேர்வுகளில் முன்வரிசையிலோ இருக்க வேண்டும். மிச்சப் பேருக்கு அறிவியல் அகாடமிகளின் கோடை ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் மாதிரி சில கதவுகள்தான் உண்டு. அதற்கும் ஓர் ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். சிபாரிசுக் கடிதத்தை ஆசிரியரிடம் வாய்விட்டுக் கேட்கலாம் என்பதே நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. உங்களுக்கு எப்போது தெரிந்தது?

கன்னடத்தைப் பற்றி ஒரு வரி. கேஜிஎஃப் பெண், பேசுவீர்கள். எழுதவும் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் அறைக்கு ராய்ச்சூரிலிருந்து கன்னட மீடியத்தில் படித்த பையனும் வருவான். வந்த முதல் நாள் நீங்கள் நாலு தமிழ்ப் பிள்ளைகளோடு தமிழில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் அவன் வாசலிலேயே திரும்பிவிடுவான். ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் கிளார்க்கிடம் வேலை நடப்பதும் கன்னடத்தில்தான்.

கடைசியாக, அடுத்த மாதமே சேர வேண்டும் என்பது. சேராதீர்கள். கைடு சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு இல்லை, கை வீணாகப் போகாது. ஆனால் தீசிஸை முடிக்காமல் போனால், டைம்டேபிள் கூட்டத்தில் நீங்கள் வாய் திறக்கும்போது எதிரே இருக்கும் பேராசிரியர் உங்களைப் பார்க்கவே மாட்டார். “பிஎச்.டி.யைப் பாதியில் விட்டவங்க” என்ற ஒரே வரியில் உங்கள் பட்டியலையெல்லாம் ஓரம் கட்டிவிடுவார்கள். நியாயமா என்றால் இல்லை, நடப்பது அதுதான். வேலையில் சேர்ந்த பிறகு ராத்திரியில் எழுதி முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்த மூன்று பேரை எனக்குத் தெரியும். மூன்று பேருக்கும் இன்னும் முடியவில்லை.

இந்த வாரமே கைடிடம் உட்கார்ந்து, அந்த இரண்டு அத்தியாயத்துக்கும் தேதி போட்டு ஒரு மெயிலாக வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள்: தீசிஸ் கொடுத்த மறு வாரம் சேருகிறேன், அதுவரை மாதம் இரண்டு சனிக்கிழமை வந்து திட்டத்தை வரையத் தயார் என்று. பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அறிவியலும் தெரிந்து, மாரிக்குப்பம் ரயிலும் தெரிந்த ஆள் அவர்களுக்கு இன்னொருவர் சீக்கிரம் கிடைக்கப் போவதில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இடம் தேடுவோம்.